வலிக்காத செத்த பல், வேர் நுனியில் நாள்பட்ட அழற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் ஒரு பல்லின் வேர் நுனியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வட்டம். "இந்தப் பல் செத்துப்போச்சு, வேருக்கு அடியில இன்ஃபெக்‌ஷன் இருக்கு, ரூட் கெனால் பண்ணணும்" என்கிறார் பல் மருத்துவர். வலியே இல்லாத பல்லுக்கு இத்தனை வேலையும் செலவும் எதற்கு என்ற குழப்பம் அப்போதுதான் தொடங்குகிறது. நாள்பட்ட வேர்நுனி அழற்சி என்று மருத்துவத்தில் சொல்லப்படும் இந்த நிலை பற்றி வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம்.

பல் 'சாவது' என்றால் என்ன?

பல்லின் நடுவில் ஒரு குழியும், அங்கிருந்து வேர் நுனிவரை இறங்கும் மெல்லிய கால்வாய்களும் இருக்கின்றன. ரத்தக் குழாய், நரம்பு, செல்கள் எல்லாம் சேர்ந்த மென்மையான கூழ் அவற்றை நிரப்பியிருக்கிறது. பேச்சு வழக்கில் 'பல்லோட நரம்பு' என்பது இதைத்தான். இந்தக் கூழ் ரத்த ஓட்டம் இழந்து அழுகிவிட்டால் பல் செத்ததாகச் சொல்கிறோம்.

பெரும்பாலும் ஆழமான சொத்தைதான் காரணம். அடுத்தது அடி. கிரிக்கெட் பந்து பட்ட அன்றோ, பைக்கிலிருந்து விழுந்த அன்றோ முன்பல் உடையாமல் தப்பித்திருக்கலாம். ஆனால் வேர் நுனி வழியாக உள்ளே போகும் ரத்தக் குழாய் அறுந்திருக்கும். சில வருடம் கழித்து அந்த ஒரு பல் மட்டும் சாம்பல் நிறமாக மாறும்போதுதான் தெரியவரும். விரிசல் விட்ட கடைவாய்ப்பல்லும், ஓரம் கசியும் பழைய ஃபில்லிங்கும் இதே முடிவுக்குக் கொண்டுபோகும்.

செத்த பல் தானாக விழுந்துவிடாது. பல்லைத் தாடையோடு பிடித்திருக்கும் நாரிழைகளுக்கு ரத்தம் எலும்பிலிருந்தும் ஈறிலிருந்தும் வருகிறது, கூழிலிருந்து அல்ல. அதனால்தான் அந்தப் பல்லை வைத்துப் பல வருடம் முறுக்கு கடிக்க முடிகிறது.

பல்லுக்குத்தான் உயிர் இல்லையே, அழற்சி எங்கிருந்து வருகிறது?

அழற்சி இருப்பது பல்லில் அல்ல. வேர் நுனிக்கு வெளியே, உயிருள்ள எலும்பில். அழுகிய கால்வாய் கிருமிகளுக்கு வசதியான இடம்: தீனி இருக்கிறது, ஆக்சிஜன் இல்லாமலே வாழும் வகைகளுக்கு ஏற்ற சூழல் இருக்கிறது, ரத்த ஓட்டம் இல்லாததால் வெள்ளை அணுக்கள் வந்து துரத்த வழி இல்லை. அங்கிருந்து கிருமிகளும் அவற்றின் நச்சும் வேர் நுனித் துளை வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும். உடல் அந்தத் துளையின் வாசலில் ஒரு தடுப்பு போடுகிறது. தடுப்பு வேலை செய்யும் செல்களுக்கும் புதிதாக வளரும் மென்திசுவுக்கும் இடம் தேவைப்படுவதால், சுற்றியுள்ள எலும்பு கரைக்கப்படுகிறது. எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரிவது இந்த எலும்பில்லாத இடம்தான்.

கிருமிதான் காரணம் என்பது சோதித்து நிரூபிக்கப்பட்டது. 1965இல் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் மூவரும் எலிகளின் பல்லைத் துளைத்துக் கூழைத் திறந்து விட்டார்கள். சாதாரண எலிகளில் கூழ் அழுகி வேர் நுனியில் சீழ்க்கட்டி வந்தது. கிருமியே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளில் உணவு உள்ளே அடைந்தும் கூழ் அழுகவில்லை; துளையை மூட உள்ளே புதுத் தந்தினி (எனாமலுக்கு அடியில் இருக்கும் கடினமான பல் திசு) வளர்ந்தது. 1976இல் ஸ்வீடனின் சுண்ட்க்விஸ்ட், அடிபட்டுச் செத்தும் மேலே முழுசாக இருந்த பற்களை ஆராய்ந்தார். கால்வாயில் கிருமி இருந்த பற்களில்தான் எலும்பு கரைந்திருந்தது. கூழ் வெறுமனே செத்தது மட்டும் போதவில்லை.

நோய் தெரிவது எலும்பில், அதன் மூலம் இருப்பது கால்வாய்க்குள். காலில் முள் உள்ளே இருக்கும்வரை மேலே எந்தக் களிம்பு தடவினாலும் சீழ் நிற்காது, அதே கதைதான் இதுவும். கீழே வரும் பல பதில்கள் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

இவ்வளவு நடந்தும் ஏன் வலிக்கவில்லை?

பல்லுக்குள் வலியைச் சொல்லும் நரம்பே போய்விட்டது. வெளியே கிருமிக்கும் உடலுக்கும் ஒரு சமநிலை ஏற்பட்டிருக்கிறது. அழுத்தம் சேராததால் வலி இல்லை. சிலருக்குக் கடிக்கும்போது 'ஏதோ வித்தியாசமா இருக்கு' என்ற உணர்வு மட்டும் இருக்கும்.

நிறையப் பேர் சொல்லும் வரிசை ஒன்று உண்டு: "ரெண்டு வருஷம் முன்னாடி ராத்திரி தூங்க முடியாம வலிச்சுது, மாத்திரை போட்டேன், ஒரு வாரத்துல தானா சரியாயிடுச்சு." அந்த ஒரு வாரத்தில் கூழ் செத்திருக்கிறது. வலி நின்றதை குணமானதாக எடுத்துக்கொள்வதுதான் இந்த நோயில் பல்லை இழக்க வைக்கிறது.

ஈறில் பரு மாதிரி வந்து, உடைந்து, திரும்பத் திரும்ப வருகிறதே?

அது சீழ் வெளியேறும் வழி. வேர் நுனியில் சேரும் சீழ் எலும்பைத் துளைத்துக்கொண்டு ஈறில் வாய் திறக்கிறது. உப்புக் கரிப்பாகவோ கெட்ட சுவையாகவோ வாயில் ஏதோ கசிவதாகச் சொல்வார்கள். அழுத்தம் வெளியேறிவிடுவதால் வலி இருக்காது. அந்தப் பருவைக் கிள்ளுவது, ஊசியால் குத்துவது, மஞ்சள் வைப்பது எதுவும் மூலத்தைத் தொடாது.

பரு இருக்கும் இடத்தை வைத்து எந்தப் பல் என்று முடிவு செய்யவும் கூடாது. சீழ் வழி பக்கத்துப் பல்லின் மேல் போய்த் திறப்பது உண்டு. இதற்கு மருத்துவர்கள் ஓர் எளிய வேலை செய்வார்கள். 25 அல்லது 30 எண் குட்டா பெர்ச்சா குச்சி, அதாவது வேர்க் கால்வாயை அடைக்கப் பயன்படும் அந்த ஆரஞ்சு நிற ரப்பர் குச்சியை எடுத்து, பருவின் துளைக்குள் அழுத்தாமல் தள்ளுவார்கள். அது எலும்புக்குள் தானாக வளைந்து போய் ஓரிடத்தில் முட்டி நிற்கும். குச்சி இருக்கும்போதே எக்ஸ்ரே எடுத்தால், வெள்ளைக் கோடாகத் தெரியும் குச்சியின் முனை குற்றவாளிப் பல்லின் வேரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தாடைத் தோலில் ஆறாத புண், தோல் மருத்துவர் பல்லைக் காட்டச் சொல்கிறார். சம்பந்தம் இருக்கிறதா?

நிச்சயம் இருக்கலாம். கீழ் முன்பற்களின் சீழ் நாடிக்குக் கீழே தோலில் திறப்பதும், கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் தாடை ஓரத்தில் திறப்பதும் பாடப் புத்தக உதாரணங்கள். மாதக்கணக்கில் களிம்பு போட்டும், தோலை வெட்டி எடுத்தும்கூடத் திரும்ப வரும் புண், கால்வாயைச் சுத்தம் செய்ததும் சில வாரத்தில் மூடிவிடும். சின்னக் குழி மாதிரித் தழும்பு மிஞ்சலாம். நாடியிலோ தாடை ஓரத்திலோ ஆறாத புண் இருந்தால், தோலில் கத்தி வைப்பதற்கு முன் ஒரு பல் எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும்.

எப்படி உறுதி செய்கிறார்கள்? எக்ஸ்ரே ஒன்று போதாதா?

போதாது. பல் உண்மையிலேயே செத்ததா என்பதை எக்ஸ்ரே சொல்லாது. வழக்கமான சோதனைகள் இவை.

குளிர்ச் சோதனைக்குப் பஞ்சில் மைனஸ் 26 டிகிரி அளவுக்குக் குளிரும் ஸ்ப்ரேயை அடித்துப் பல்லில் சில விநாடி வைப்பார்கள். உயிருள்ள பல் சுரீரென்று கூசி, எடுத்ததும் அடங்கும். செத்த பல்லில் ஒன்றும் தெரியாது. முதலில் நல்ல பல்லில், பிறகு சந்தேகப் பல்லில் என்று வைத்துப் பார்த்தால்தான் அர்த்தம் இருக்கிறது. வயதானவர்களுக்கும் கேப் போட்ட பல்லுக்கும் இயல்பாகவே உணர்வு குறைவு. மூன்று வேர் உள்ள கடைவாய்ப் பல்லில் ஒரு வேரின் கூழ் மட்டும் செத்திருந்து, மீதி வேர்கள் பதில் சொல்லிவிடுவதும் உண்டு. மின்சாரச் சோதனைக் கருவியும் இதே வேலைக்குத்தான்.

வாய்க்குள் பார்க்கும் சிறு கண்ணாடியின் கைப்பிடியால் பல்லைத் தட்டுவதும், வேர் நுனி இருக்கும் இடத்தில் ஈறை விரலால் அழுத்துவதும் வெளியே உள்ள அழற்சியைச் சோதிக்க. கடைசியாக ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே அளவு கோடு போட்ட மெல்லிய கம்பியை விட்டுச் சுற்றிலும் ஆழம் பார்ப்பார்கள். எல்லாப் பக்கமும் 2, 3 மி.மீ. இருந்து, ஓரிடத்தில் மட்டும் குறுகலாக 8, 9 மி.மீ. இறங்கினால் வேர் நெடுக்காகப் பிளந்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். பிளந்த வேருக்கு ரூட் கெனால் பயன் தராது. இந்தக் கம்பிச் சோதனையை விட்டுவிட்டு நேராகப் பல்லைத் துளைப்பது காசை வீணாக்கும் வழி.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்பதாலும் நிம்மதி அடைய முடியாது. எலும்பின் தாதுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை போன பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் கறுப்பு தெரியும். சந்தேகம் தீராவிட்டால் அந்த இடத்துக்கு மட்டும் சிறிய அளவில் சிபிசிடி எனும் முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன் எடுப்பார்கள். எல்லோருக்கும் எடுக்கத் தேவையில்லை.

வேர் நுனியில் கறுப்பு தெரிந்தாலே இந்த நோய்தானா?

இல்லை. கீழ் முன்கடைவாய்ப் பற்களின் வேர் அருகே நரம்பு வெளிவரும் இயற்கையான துளை ஒன்று உண்டு. கோணம் சரியில்லாத எக்ஸ்ரேயில் அது வேர் நுனியில் ஒட்டிய வட்டம் போல விழும். மேல் நடு முன்பற்களுக்கு நடுவிலும் அப்படி ஒரு துளை உண்டு. நடுத்தர வயதுப் பெண்களிடம் கீழ் முன்பற்களின் வேர் நுனிகளில் வரிசையாகக் கறுப்பு வட்டங்கள் தெரிந்து, பற்கள் எல்லாம் குளிருக்குக் கூசினால், அது எலும்பின் தீங்கற்ற ஒரு மாற்றமாக இருக்கலாம், சிகிச்சையே வேண்டாம். அரிதாகத் தாடைக் கட்டிகளும் இந்த வேடத்தில் வரும். உயிருள்ள பல்லுக்கு அடியில் கறுப்பு என்றால் நின்று யோசிக்க வேண்டும் என்பது பல் மருத்துவத்தின் பழைய விதி.

'கட்டி' என்கிறார் ஒருவர், 'சிஸ்ட்' என்கிறார் இன்னொருவர். எது சரி?

சிஸ்ட் என்பது உள்ளே திரவம் நிறைந்த, சுவருள்ள பை. எக்ஸ்ரேயைப் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால்தான் தெரியும். ஜூரிச்சில் பி. என். ஆர். நாயர் குழுவினர் 1996இல் இப்படி 256 மாதிரிகளை ஆராய்ந்ததில் பாதி வெறும் மென்திசு வளர்ச்சி, 35 சதவீதம் சீழ், 15 சதவீதம்தான் சிஸ்ட். பெரிதாக இருந்தால் சிஸ்டாக இருக்கும் வாய்ப்பு கூடும், அவ்வளவே. ஆகவே 'சிஸ்ட், உடனே ஆபரேஷன்' என்று எக்ஸ்ரேயை மட்டும் காட்டி ஒருவர் அவசரப்படுத்தினால் இன்னொரு கருத்துக் கேட்பது நல்லது. முதல் சிகிச்சை இரண்டுக்குமே ஒன்றுதான்: கால்வாயைச் சுத்தம் செய்து ஆறுகிறதா என்று பார்ப்பது.

ஆன்டிபயாட்டிக் ஒரு கோர்ஸ் போட்டால் சரியாகாதா?

ஆகாது. மாத்திரை ரத்தத்தின் வழியாகப் போகிறது. கிருமி ரத்த ஓட்டமே இல்லாத கால்வாயில் இருக்கிறது. மெடிக்கல் கடையில் அமாக்ஸிசிலினும் மெட்ரோனிடசோலும் வாங்கி ஐந்து நாள் போட்டால் வெளியே வந்த வீக்கம் வடியும், உள்ளே ஒன்றும் மாறாது. சில மாதத்தில் திரும்ப வரும்போது அதே மருந்துக்குக் கிருமி பழகியும் இருக்கலாம்.

காய்ச்சல், பரவும் வீக்கம், நெறி கட்டுதல் போன்றவை இருந்தால் ஆன்டிபயாட்டிக் தேவைதான். அப்போதும் சீழை வெளியேற்றுவதோடு சேர்த்துத்தான். வலியும் வீக்கமும் இல்லாத நாள்பட்ட நிலைக்கு அதற்கு வேலையே இல்லை. கிராம்பு எண்ணெயும் அப்படியே. அது உயிருள்ள கூழின் வலியைத் தணிக்கும், செத்த கூழில் தணிக்க என்ன இருக்கிறது?

ரூட் கெனாலில் உண்மையில் என்ன செய்கிறார்கள்?

முதலில் மரத்துப்போக ஊசி. பிறகு ரப்பர் டேம்: ஒரு ரப்பர் விரிப்பில் துளையிட்டு அந்தப் பல் மட்டும் வெளியே தெரியும்படி மாட்டுவது. எச்சில் உள்ளே போகாது, மருந்தும் ஃபைலும் (கால்வாயைச் சுரண்டும் மெல்லிய கம்பி) தொண்டைக்குள் போகாது. நம் ஊரில் இன்னும் பல இடங்களில் இதைத் தவிர்க்கிறார்கள். கிருமியை எடுக்கவே செய்யும் வேலையில் எச்சிலை உள்ளே விட்டுக்கொண்டே செய்வது பொருத்தமில்லாதது. "ரப்பர் டேம் போடுவீங்களா?" என்று முன்கூட்டியே கேட்பதில் தவறில்லை.

பல்லின் மேலே துளையிட்டு எல்லாக் கால்வாய்களின் வாயையும் தேடுவார்கள். கீழ் முதல் கடைவாய்ப் பல்லில் வழக்கமாக மூன்று, சிலருக்கு நான்கு. மேல் முதல் கடைவாய்ப் பல்லில் முன்பக்கக் கன்ன வேரில் இரண்டாவதாக ஒரு மெல்லிய கால்வாய் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இருக்கிறது; மைக்ரோஸ்கோப்போ உருப்பெருக்கிக் கண்ணாடியோ இல்லாமல் அதைத் தவறவிடுவது எளிது.

அடுத்து நீளம் அளப்பது. மின்தடையை வைத்து வேர் நுனியைக் கண்டுபிடிக்கும் அபெக்ஸ் லொகேட்டரும் எக்ஸ்ரேயும் சேர்த்து, நுனிக்கு அரை முதல் ஒரு மி.மீ. உள்ளே நிற்கும்படி நீளம் குறிப்பார்கள். அதைத் தாண்டினால் கிருமியை எலும்புக்குள் தள்ளிவிடுவோம். மிகவும் உள்ளே நின்றுவிட்டால் நுனியில் இருக்கும் அழுக்கு அப்படியே தங்கிவிடும். முனையில் 0.10, 0.15 மி.மீ. தடிமன் உள்ள கை ஃபைலில் தொடங்கி, பிறகு மோட்டாரில் சுழலும் நிக்கல் டைட்டானியம் ஃபைல்களுக்கு மாறுவார்கள்.

ஃபைல் கால்வாய்ச் சுவர் முழுவதையும் தொடாது. கணிசமான பகுதி தொடாமலே விடப்படும். அதனால் உண்மையான சுத்தம் கழுவுவதில்தான் இருக்கிறது. 2.5 முதல் 5.25 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட், கிளினிக் பேச்சில் 'ஹைப்போ', அழுகிய திசுவைக் கரைத்துக் கிருமியையும் கொல்லும். நுனி மூடி பக்கவாட்டில் துளை உள்ள 30 கேஜ் ஊசியால், நுனிக்கு 1, 2 மி.மீ. முன்பே நிறுத்தி, ஊசி கால்வாயில் இறுகாமல் மேலும் கீழும் அசைத்துக்கொண்டே மெதுவாகச் செலுத்துவார்கள். ஊசி இறுகிய நிலையில் அழுத்தினால் ஹைப்போ எலும்புக்குள் பாயும்: அந்த விநாடியே கடும் வலி, நிமிடங்களில் முகம் வீக்கம், பிறகு கன்னம் முழுவதும் கறுத்துப்போகும். அபூர்வம், ஆனால் நடந்திருக்கிறது.

கடைசியில் 17 சதவீத இடிடிஏ கரைசல் ஒரு நிமிடம், ஃபைல் தேய்த்த தூள் படலத்தை நீக்க. சிலர் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினியும் பயன்படுத்துவார்கள். ஹைப்போ மிச்சமிருக்கும்போதே அதை விட்டால் ஆரஞ்சும் பழுப்புமான படிவு உண்டாகிக் கால்வாயை அடைக்கும், நடுவில் உலர்த்தியாக வேண்டும்.

உலர்த்துவது காகிதக் குச்சியால். வெளியே எடுக்கும் குச்சியின் நுனியைப் பார்த்தே உள்ளே நிலைமை தெரியும். வெள்ளையாக, காய்ந்து வந்தால் அடைக்கலாம். நுனி ஈரமாகவோ மஞ்சள் சீழோடோ திரும்பத் திரும்ப வந்தால் அன்று அடைப்பதில்லை. கால்சியம் ஹைட்ராக்சைடு பசையை உள்ளே நிரப்பி, மேலே தற்காலிக சிமென்ட் வைத்து, ஒன்று முதல் நான்கு வாரம் கழித்து வரச் சொல்வார்கள். பிஎச் 12க்கு மேல் இருக்கும் அந்தப் பசையில் பெரும்பாலான கிருமிகள் பிழைக்காது. தற்காலிக சிமென்ட் 3.5 முதல் 4 மி.மீ. கனமாவது இருக்க வேண்டும். மெல்லியதாக வைத்தால் எச்சில் புகுந்து செய்த வேலையைக் கெடுத்துவிடும்.

கால்வாய் காய்ந்த பிறகு குட்டா பெர்ச்சாவும், இடைவெளிகளை நிரப்பும் பசையான சீலரும் வைத்து நுனிவரை அடைப்பார்கள்.

ஒரே சிட்டிங்கில் முடிப்பது நல்லதா?

ஆறும் விகிதத்தில் பெரிய வித்தியாசம் நிரூபிக்கப்படவில்லை. கால்வாய் அன்றே காய்ந்து சுத்தமாகிவிட்டால் முடிக்கலாம். சீழ் வடிந்துகொண்டிருக்கும் பல்லை 'ஒரே நாளில் முடித்துத் தருகிறோம்' என்ற விளம்பரத்துக்காக அடைப்பது தவறு.

சீழ் வடியட்டும் என்று பல்லைத் திறந்தே விட்டிருக்கிறார்கள். சரிதானா?

பழைய பழக்கம். ஒரு நாளைக்கு மேல் இப்படி விடுவதில் நன்மையைவிடத் தீமை அதிகம். சோறும் எச்சிலும் புதுக் கிருமிகளும் உள்ளே போய்க் குடியேறும். வாரக்கணக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு திரிந்த பல் பிறகு எளிதில் ஆறாது. சீழ் வடிந்து நிற்கும்வரை நாற்காலியிலேயே காத்திருந்து, கழுவி, மூடி அனுப்புவதே நல்ல முறை.

ரூட் கெனால் செய்த இரவே வீங்கிவிட்டது. தப்பாகச் செய்துவிட்டார்களா?

அவசியமில்லை. அமைதியாக இருந்த இடத்தைக் கிளறும்போது கொஞ்சம் அழுக்கு நுனிக்கு வெளியே தள்ளப்பட்டு, சமநிலை குலைந்து திடீரென்று வீங்குவது உண்டு. லேசான வலி இரண்டு மூன்று நாள் இருப்பது சகஜம். வேறு நோயில்லாத பெரியவர்களுக்கு 400 மி.கி. ஐபுப்ரோஃபென், தேவைப்பட்டால் அதோடு 500 மி.கி. பாராசிட்டமால், சாப்பாட்டுக்குப் பிறகு. அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, கர்ப்பம், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து இவற்றில் எது இருந்தாலும் ஐபுப்ரோஃபென் வேண்டாம். டெங்கு பரவும் மாதங்களில் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொண்டு ரத்தம் பார்க்க வேண்டும்.

கன்னத்துக்கு வெளியே சூடான ஒத்தடம் வேண்டாம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளிக்கலாம், ஒரு டம்ளருக்கு அரை டீஸ்பூன் உப்பு. வாய் திறக்க முடியாமல் இறுகுவது, விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டம், நாக்குக்கு அடியில் தூக்கிக்கொண்டு வீங்குவது, கண் மூடும் அளவுக்கு வீக்கம்: இவற்றில் ஒன்று வந்தாலும் பல் கிளினிக் திறக்கக் காத்திருக்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சிகிச்சையே தொடங்காமல் விட்ட பல்லிலும் இது எந்த நாளும் வரலாம்.

எத்தனை நாளில் ஆறும்? எப்படித் தெரிந்துகொள்வது?

ஈறில் இருந்த பரு ஓரிரு வாரத்தில் மூட வேண்டும். எலும்பு மெதுவானது. ஆறு மாதத்தில் கறுப்பு சுருங்கத் தொடங்கும், ஒரு வருடத்தில் தெளிவாகக் குறையும். பெரியவை முழுவதும் நிரம்ப நான்கு வருடம்வரை ஆகலாம். அதனால் ஒரு வருடத்தில் கட்டாயம் எக்ஸ்ரே. குறைந்தும் முழுதாக மறையவில்லை என்றால் ஆண்டுக்கு ஒன்று என நான்கு வருடம்வரை பார்ப்பார்கள். பழைய படத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அதே கோணத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால்தான் வித்தியாசம் புரியும்.

ஸ்வீடனில் சியோக்ரென் குழுவினர் நோயாளிகளை 8 முதல் 10 வருடம் தொடர்ந்து பார்த்து 1990இல் வெளியிட்ட கணக்கு இன்றும் பயன்படுகிறது: வேர் நுனியில் எலும்பு கரையாத பற்களில் 96 சதவீதத்துக்கு மேல் வெற்றி, செத்துப்போய் எலும்பும் கரைந்த பற்களில் 86, ஏற்கெனவே செய்து தோற்று மறுபடி செய்தவற்றில் 62. எலும்பு கரைவதற்கு முன்பே வந்தால் லாபம் எவ்வளவு என்பது இந்த எண்களிலேயே இருக்கிறது.

எப்போதோ ரூட் கெனால் செய்த பல்லில் இப்போது கறுப்பு தெரிகிறதே?

காரணங்களை இந்த வரிசையில் தேடுவது வழக்கம். தவறவிட்ட கால்வாய். நுனிவரை எட்டாத அடைப்பு. உடைந்து உள்ளே தங்கிய ஃபைல். உடைந்த துண்டு உலோகம் என்பதால் அல்ல, அதற்குக் கீழே கழுவ முடியாமல் போவதால்தான் பிரச்சினை. பிறகு மேலிருந்து கசிவு: கேப் போடாமல் விட்டது, ஃபில்லிங் உடைந்தது, கேப்பின் ஓரத்தில் புதுச் சொத்தை. குட்டா பெர்ச்சா எச்சிலில் மூன்று மாதத்துக்கு மேல் திறந்து கிடந்தால் மறுபடி செய்வதே பாதுகாப்பு. இவை எதுவும் இல்லாவிட்டால் நெடுக்குப் பிளவையும், எலும்புக்குள்ளேயே குடியேறிய கிருமியையும் அரிதாக உண்மையான சிஸ்டையும் சந்தேகிக்கலாம்.

முதல் தேர்வு, பழைய அடைப்பை எடுத்துவிட்டு மறுபடி ரூட் கெனால். இதை வேர் சிகிச்சையில் தனிப் பட்டமேற்படிப்பு படித்தவரிடம் செய்வது நல்லது. அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. செலவு குறைவு, காத்திருப்பு அதிகம்.

வேர் நுனி அறுவை சிகிச்சை எப்போது?

மறுபடி செய்தும் ஆறாதபோது, அல்லது மேலிருந்து போகவே முடியாதபோது (கால்வாய்க்குள் போஸ்ட் எனும் நீளமான தாங்கு கம்பி வைத்துக் கேப் போட்ட பல் போல). ஈறைத் திறந்து, வேரின் கடைசி 3 மி.மீ.யை வெட்டி எடுப்பார்கள். கிளைக் கால்வாய்களில் பெரும்பாலானவை அந்த 3 மி.மீ.க்குள்தான் இருக்கின்றன. வெட்டிய முகத்திலிருந்து அல்ட்ராசோனிக் முனையால் இன்னும் 3 மி.மீ. உள்ளே குடைந்து, எம்டிஏ போன்ற சிமென்டால் அடைப்பார்கள். எடுத்த திசுவைப் பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தையல் சில நாளில் பிரிக்கப்படும். மைக்ரோஸ்கோப் இல்லாமல், அடைக்காமல் நுனியை வெட்டி மட்டும் விட்ட பழைய முறை அறுவைகள் அதிகம் தோற்றதற்குக் காரணம், கால்வாய் திறந்தே இருந்ததுதான்.

பேசாமல் பல்லைப் பிடுங்கிவிட்டால்?

நோய் தீரும். வேரோடு மூலமும் போய்விடுவதால் எலும்பு தானாக நிரம்பும். மேலே நிற்க வலுவான பல் மிச்சமில்லை, வேர் பிளந்திருக்கிறது, ஈறு நோயால் பல் ஆடுகிறது என்றால் பிடுங்குவதே சரி. கேப் நிற்க ஈறுக்கு மேலே சுற்றிலும் ஒன்றரை, இரண்டு மி.மீ. நல்ல பல் வேண்டும். அது இருந்தால் காப்பாற்றுவது லாபம். பிடுங்கிய இடத்தை நிரப்ப ஆகும் இம்பிளான்ட், பிரிட்ஜ் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை, இதய நோய், கர்ப்பம் இருந்தால்?

கட்டுப்படாத சர்க்கரையில் எலும்பு ஆறுவது தாமதமாகும். சிகிச்சையைத் தள்ளிப்போடாமல் சர்க்கரையையும் சேர்த்துக் கட்டுப்படுத்துங்கள். செயற்கை இதய வால்வு வைத்தவர்கள், முன்பு இதய உள்ளுறை அழற்சி வந்தவர்கள், சில பிறவி இதயக் கோளாறுள்ளவர்கள் சிகிச்சைக்கு அரை முதல் ஒரு மணி நேரம் முன்பு ஒரே தடவையாக 2 கிராம் அமாக்ஸிசிலின் எடுக்க வேண்டும். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் வேறு மருந்து. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இது தேவையில்லை, ஆனால் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை உங்கள் இஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாது.

எலும்பு தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ பிஸ்பாஸ்பொனேட் மருந்து எடுப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். அவர்களுக்குப் பல் பிடுங்கிய இடத்தில் எலும்பு ஆறாமல் செத்துப்போகும் ஆபத்து உண்டு. ரூட் கெனாலே பாதுகாப்பானது.

கர்ப்பத்தில் நான்கு முதல் ஆறாம் மாதம் வசதியான காலம். சீழும் வீக்கமும் இருந்தால் எந்த மாதத்திலும் செய்யலாம், தேவையான ஒரு பல் எக்ஸ்ரேக்கும் தடையில்லை.

மேல் பல்லில் கை வைத்தால் கண் பார்வை போகுமாமே? ரூட் கெனால் செய்த பல்லால் புற்றுநோய் வருமாமே?

கண்ணுக்குப் பார்வை தரும் நரம்பு வேறு, பல்லுக்கு உணர்வு தரும் நரம்பு வேறு. பல்லைப் பிடுங்கினாலும் ரூட் கெனால் செய்தாலும் பார்வைக்கு ஒன்றும் ஆகாது. மேல் கடைவாய்ப் பல்லுக்கு நெருக்கம் இருப்பது கண்ணோடு அல்ல, சைனஸ் அறையோடு. ஒரு பக்க மூக்கில் மட்டும் துர்நாற்றத்தோடு சளி வந்து, சைனஸ் மருந்துக்கு அடங்காவிட்டால் அந்தப் பக்க மேல் பற்களைச் சோதிக்க வேண்டும்.

புற்றுநோய்ச் செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றினாலும் அதன் வேர் 1920களில் இருக்கிறது. அமெரிக்காவில் வெஸ்டன் பிரைஸ் என்ற பல் மருத்துவர் நோயாளிகளின் பற்களை முயல்களின் தோலுக்கடியில் புதைத்துப் பார்த்து, உடலின் பல நோய்களுக்குச் செத்த பற்களே காரணம் என்றார். அதை நம்பிப் பல நல்ல பற்கள் பிடுங்கப்பட்டன. பற்கள் போன பிறகும் நோய்கள் போகவில்லை. பின்னால் வந்தவர்கள் முறையாகச் செய்த சோதனைகளில் அவர் முடிவுகள் நிற்கவில்லை.

சிகிச்சை முடிந்தது, வலி இல்லை. கேப் கட்டாயமா?

முன்பல்லில் துளை சிறிதென்றால் நல்ல ஃபில்லிங் போதும். கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போடுவது நல்லது. சொத்தையும் துளையும் சேர்ந்து நடுப்பகுதியைத் தின்றிருப்பதால், கடிக்கும் அழுத்தத்தில் சுவர் பிளந்துவிடும். அடைத்து ஒரு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். அதுவரை அந்தப் பக்கம் முறுக்கு, சீடை, எலும்பு வேண்டாம். தற்காலிக சிமென்ட் கொஞ்சம் பெயர்ந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் போய் மறுபடி வைத்துக்கொள்ளுங்கள்.